கப்பலில் வாட்ச்: இளநிலை அதிகாரிகளின் கடமைகளும் மரபுகளும் – ஓர் எளிய அறிமுகம்

இலங்கையின் தென்முனையைக் கடந்து சுமத்ராவின் வடமுனையை நோக்கிச் செல்லும் ஒரு சரக்குக் கப்பல், மணிக்கு 14 கடல் மைல் வேகத்தில் ஓடினால், ஏறத்தாழ இரண்டரை நாள் திறந்த கடலிலேயே செல்கிறது. அந்த இரண்டரை நாளும் அதன் இன்ஜின் நிற்பதில்லை. இரவில் நங்கூரம் போட்டு உறங்கிவிட்டு விடிந்ததும் கிளம்பலாம் என்றால், நங்கூரச் சங்கிலி எட்டும் ஆழம் அங்கே கிடையாது. ஆகவே கப்பல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும், நடுச்சாமத்திலும்கூட, தகுதிச் சான்றிதழ் பெற்ற ஓர் அதிகாரி விழித்திருந்து கப்பலைத் தன் பொறுப்பில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பொறுப்பை முறைவைத்து மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் வாட்ச் என்று பெயர்.

கேப்டன்தான் இரவு பகலாகக் கப்பலை ஓட்டுகிறார் என்று கரையில் இருப்பவர்களில் பலர் நினைக்கிறார்கள். மூன்று அதிகாரிகள் உள்ள வழக்கமான சரக்குக் கப்பலில் கேப்டனுக்கு வாட்ச் கிடையாது. கப்பல் முழுவதற்கும் எப்போதும் பொறுப்பாளர் அவரே என்றாலும், ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் அவருக்குக் கீழுள்ள மூவரே பங்கிட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் சீஃப் ஆபீசர், செகண்ட் ஆபீசர், தேர்டு ஆபீசர் ஆகியோர்; சீஃப் மேட், செகண்ட் மேட், தேர்டு மேட் என்றும் அழைக்கப்படுவார்கள். கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ், வாட்ச் ஆகியவற்றுக்கு உலகம் முழுவதும் ஒரே தரத்தை வகுப்பது எஸ்.டி.சி.டபிள்யூ என்னும் பன்னாட்டு உடன்படிக்கை. இது 1978-இல் லண்டனில் ஏற்கப்பட்டு, 1995-இலும் 2010-இல் மணிலாவிலும் பெரிய அளவில் திருத்தப்பட்டது. கேப்டனையும் சீஃப் ஆபீசரையும் மேலாண்மை நிலையிலும், செகண்ட், தேர்டு ஆபீசர்களைச் செயல்பாட்டு நிலையிலும் அது வைக்கிறது. இளநிலை அதிகாரிகள் என்று இந்தக் கட்டுரை குறிப்பிடுவது பின்னவர்களையே. இவர்களில் பலர் இருபதுகளில் இருப்பவர்கள். கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள சரக்கையும் இருபதுக்கு மேற்பட்ட உயிர்களையும் அந்த வயதில் ஒருவரிடம் எப்படி நம்பி ஒப்படைக்க முடிகிறது என்ற கேள்விக்கு, வாட்ச் முறையின் ஒவ்வொரு விதியும் மரபும் ஒரு பகுதி விடையாக அமைந்திருக்கிறது.

முதலில் நேரப் பங்கீட்டைப் பார்ப்போம். நான்கு மணி நேர வேலையும் எட்டு மணி நேர இடைவெளியும் ஒரு நாளில் இருமுறை வரும். காலை 8 முதல் நண்பகல் 12 வரையும் இரவு 8 முதல் நள்ளிரவு 12 வரையும் தேர்டு ஆபீசரின் வாட்ச். நண்பகல் 12 முதல் மாலை 4 வரையும் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 4 வரையும் செகண்ட் ஆபீசரின் வாட்ச். அதிகாலை 4 முதல் 8 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் சீஃப் ஆபீசரின் வாட்ச்.

இந்தப் பங்கீடு குலுக்கல் முறையில் வந்ததன்று. தேர்டு ஆபீசர் அனுபவத்தில் எல்லோருக்கும் இளையவர். அவருடைய இரண்டு வாட்ச்களும் கேப்டன் பொதுவாக விழித்திருக்கும் நேரத்தில் வருகின்றன. காலையில் கேப்டன் இயல்பாகவே, கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான பிரிட்ஜுக்கு வந்து போவார். இரவிலும் உறங்கச் செல்லுமுன் ஒருமுறை ஏறி வந்து நிலைமையைப் பார்ப்பார். புதியவர் தனியாக நிற்கிறார், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் மூத்தவர் இருக்கிறார். செகண்ட் ஆபீசர் கப்பலின் வழிசெலுத்தலுக்குப் பொறுப்பானவர். செயற்கைக்கோள் வழியாக இடமறியும் வசதி வருவதற்கு முன்பு, நண்பகலில் சூரியன் உச்சத்தை எட்டும் தருணத்தில் அதன் உயரத்தை செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து கப்பல் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று கணிப்பார்கள்; அந்தக் கணக்கு முக்கியமாக அவருடையது என்பதால் நண்பகலும் அவருடையதாயிற்று. சீஃப் ஆபீசரின் நேரத்துக்கும் இதே வகையான காரணம் உண்டு. விண்மீன்களை அளப்பதற்கு விண்மீனும் தெரிய வேண்டும், அடிவானக் கோடும் தெரிய வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே தெரிவது விடியலுக்கு முந்திய, அந்திக்குப் பிந்திய மங்கிய வெளிச்சத்தில் சிறிது நேரம் மட்டுமே. அந்த இரண்டு பொழுதுகளும் 4–8 வாட்ச்சிலேயே வருகின்றன. அத்துடன், பகல் முழுவதும் சரக்கையும் டெக் பராமரிப்பையும் மேற்பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கிறது. இன்று இடத்தைச் சொல்லத் திரையே இருக்கிறது என்றாலும், பங்கீடு மாறவில்லை.

மூன்றிலும் கடினமானது செகண்ட் ஆபீசரின் வாட்ச் என்றே நான் கருதுகிறேன். அதிகாலை 4 மணிக்கு மேல் ஒரு பகுதியும் இரவு 12-க்கு முன் ஒரு பகுதியுமாக அவருடைய உறக்கம் மாதக்கணக்கில் இரண்டாக உடைந்துவிடுகிறது.

பாய்மரக் காலத்தில் அரைமணி நேர மணல் கடிகாரம் ஒவ்வொரு முறை கவிழ்க்கப்படும்போதும் மணி அடித்தார்கள். முதல் அரைமணிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு எனக் கூடி, எட்டு முறை மணி ஒலித்தால் நான்கு மணி நேர வாட்ச் முடிந்தது என்று பொருள். ஒரே குழுவுக்குத் தினமும் நள்ளிரவு வாட்ச் வராதிருக்க, மாலை 4 முதல் 8 வரையான வாட்ச்சை இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்து, ஒரு நாளின் வாட்ச் எண்ணிக்கையை ஏழாக்கினார்கள். மணியடிப்பது இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. ஆனாலும் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் போகும் ஆண்டுக்கு எட்டும் வரும் ஆண்டுக்கு எட்டுமாகப் பதினாறு முறை, அதுவும் கப்பலிலேயே இளையவர் கையால், மணியடிக்கும் வழக்கம் உண்டு. கிழக்கு நோக்கிச் செல்லும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டியிருந்தால், அந்த 60 நிமிடத்தை மூவருக்கும் இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக்கொள்வதும் இன்னும் பல கப்பல்களில் நடைமுறையாக இருக்கிறது.

வாட்ச் ஒப்படைக்கப்படும் விதம்தான் இந்த முறையின் உயிர்நாடி. பொறுப்பேற்க வருபவர் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே பிரிட்ஜுக்கு வந்துவிடுவார். இரவில் பிரிட்ஜில் வெள்ளை விளக்கு எரிவதில்லை. வெளிச்சமான அறையிலிருந்து வரும் கண்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம் வரைகூட ஆகலாம். கண் பழகும்வரை பொறுப்பேற்கக் கூடாது என்பது வெறும் வழக்கம் அன்று, எஸ்.டி.சி.டபிள்யூ விதி. அந்த நேரத்தில் அவர் கேப்டனின் ஆணைகளைப் படிக்கிறார். கப்பல் இருக்கும் இடத்தையும் செல்லும் திசையையும் வேகத்தையும் வரைபடத்தில் தாமே சரிபார்க்கிறார். சுற்றிலும் உள்ள கப்பல்கள், எதிர்வரும் ஆழங்குறைந்த பகுதிகள், வானிலை, கோளாறான கருவிகள் எல்லாவற்றையும் கேட்டறிகிறார். வேறொரு கப்பலுக்கு வழிவிட்டுத் திரும்பும் செயல் நடந்துகொண்டிருந்தால், மணி பன்னிரண்டைத் தாண்டினாலும் அது முழுமையாக முடியும்வரை பொறுப்பு மாறாது. வருபவர் நோயுற்றோ குடித்தோ தகுதியற்ற நிலையில் இருப்பதாகத் தோன்றினால், அவர் பதவியில் மூத்தவராக இருந்தாலும், ஒப்படைக்காமல் கேப்டனுக்குத் தெரிவிப்பது நிற்பவரின் கடமை. எல்லாம் சரியாக இருந்தால், பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக வருபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் தலையசைத்து மற்றவர் படியிறங்கிப் போவது ஒப்படைப்பாகாது.

பொறுப்பேற்ற அதிகாரி அடுத்த நான்கு மணி நேரம் என்ன செய்கிறார்? பெரும்பாலும் பார்க்கிறார். 1972-இல் வகுக்கப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கும் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5-ஆம் விதி, கண்ணாலும் காதாலும் கிடைக்கக்கூடிய எல்லா வழிகளாலும் இடைவிடாமல் கவனிக்க வேண்டும் என்கிறது. ரேடார் அந்த வழிகளில் ஒன்றே; கண்ணுக்கு அது மாற்றாகாது. இரவில் அதிகாரியுடன் ஒரு மாலுமியும் கவனிப்புப் பணியில் நிற்பார். பகலில், வானமும் கடலும் தெளிவாக இருந்து போக்குவரத்தும் குறைவாக இருக்கும்போதுதான் அதிகாரி மட்டும் தனியே நிற்க இடமுண்டு.

ஒரு கப்பல் கண்ணில் பட்டதும் எழும் முதல் கேள்வி, அது நம்மீது மோதுமா என்பதுதான். இதற்கான சோதனை மிக எளியது. திசைகாட்டியில் அந்தக் கப்பல் எத்தனை பாகையில் தெரிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்; இந்த அளவைக் கப்பலில் பேரிங் என்பார்கள். சில நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். தூரம் குறைந்துகொண்டே வந்தும் பேரிங் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்றால் மோதும் அபாயம் இருக்கிறது. அடுத்தது, யார் விலக வேண்டும் என்ற கேள்வி. இரவில் ஒவ்வொரு கப்பலும் தன் இடப்புறத்தில் சிவப்பு விளக்கும் வலப்புறத்தில் பச்சை விளக்கும் ஏற்றியிருக்கும். குறுக்கே வரும் இன்ஜின் கப்பல் நம் வலப்புறத்தில் இருந்தால், அதாவது அதன் சிவப்பு விளக்கு வலப்பக்கத்தில் நமக்குத் தெரிந்தால், நாம்தான் வழிவிட வேண்டும். நேரெதிரே வந்தால் இருவருமே வலப்புறம் திரும்ப வேண்டும். முந்திச் செல்பவர் முந்தப்படுபவரை விட்டு விலகிச் செல்ல வேண்டும். மூடுபனியில், ஒருவரையொருவர் கண்ணால் காண முடியாத நிலையில், 19-ஆம் விதி வேறு ஒழுங்கைச் சொல்கிறது.

நேரம் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் செல்லும் இரு கப்பல்கள் நேரெதிரே வந்தால் அவற்றுக்கிடையே உள்ள தூரம் மணிக்கு 30 கடல் மைல் வீதம் சுருங்குகிறது. ரேடாரில் 12 மைலில் தென்பட்ட கப்பலைச் சந்திக்க 24 நிமிடம்தான் இருக்கிறது. பெரிய கப்பல்களின் வெள்ளை உச்சிவிளக்கு குறைந்தது 6 மைல் தெரிய வேண்டும் என்பது விதி. அந்த விளக்கைக் கண்ட பிறகு 12 நிமிடம். சரக்கேற்றிய பெரிய எண்ணெய்க் கப்பல் நிற்பதற்கே பல கிலோமீட்டர் தேவைப்படும் என்பதைச் சேர்த்து எண்ணினால், முன்கூட்டியே, எதிரில் இருப்பவர் தெளிவாக உணரும்படி பெரிதாகத் திரும்பு என்று விதி ஏன் வலியுறுத்துகிறது என்பது விளங்கும். 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அருகே இத்தாலியப் பயணிகள் கப்பல் ஆண்ட்ரியா டோரியாவும் சுவீடன் கப்பல் ஸ்டாக்ஹோமும் மோதி 51 பேர் இறந்தனர். இரண்டும் மற்றதை ரேடாரில் முன்பே பார்த்திருந்தன. ஆண்ட்ரியா டோரியாவில் கேப்டனே பிரிட்ஜில் இருந்தார். அவர் முதலில் 4 பாகை மட்டும் இடப்புறம் திருப்பினார். ஸ்டாக்ஹோமில் இளம் தேர்டு ஆபீசர் ஒருவரே பொறுப்பில் நின்றார். அவர் வலப்புறம் திருப்பினார். 4 பாகைத் திருப்பத்தை மற்றவர் ரேடாரில் கண்டறிவது அரிது. சிறு சிறு திருப்பங்களைத் தவிர்க்க வேண்டும் என்று இன்றைய 8-ஆம் விதி சொல்வதைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இந்த விபத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இவற்றுக்கிடையே கப்பலின் இடத்தைக் குறித்த இடைவெளியில் சரிபார்த்தல், திசைகாட்டியின் பிழையை வாட்ச்சுக்கு ஒருமுறையாவது கணித்தல், தானியங்கிச் சுக்கானைக் கைமுறைக்கு மாற்றிப் பார்த்தல், வானொலியில் 16-ஆம் அலைவரிசையைக் கேட்டிருத்தல், காற்று, அலை, காற்றழுத்தம் ஆகியவற்றை லாக் புக் என்னும் கப்பல் பதிவேட்டில் எழுதுதல் ஆகியவையும் நடக்கின்றன. எதுவானாலும், சன்னலிலிருந்து கண்ணை நெடுநேரம் எடுக்க வைக்கும் வேலை வாட்ச் நேரத்துக்கு உரியதன்று. காகித வேலைகளைப் பிரிட்ஜிலேயே முடித்துவிடலாம் என்னும் ஆசை இளநிலை அதிகாரிகளுக்கு இயல்பாக வரும். அதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி, கேப்டனை அழைக்கும் கடமை. ஒவ்வொரு கேப்டனும் கப்பலில் பொறுப்பேற்றதும் நிலையாணைகள் எழுதி எல்லா அதிகாரிகளிடமும் கையொப்பம் வாங்குவார். அன்றன்றைய இரவுக்கான குறிப்புகளை இரவு ஆணைப் புத்தகத்தில் எழுதிவிட்டு உறங்கச் செல்வார். எந்தச் சூழ்நிலையில் தம்மை எழுப்ப வேண்டும் என்பது இவற்றில் தெளிவாக இருக்கும். மூடுபனி சூழ்ந்தால், மற்றொரு கப்பலின் போக்கு கவலை தந்தால், தெரிய வேண்டிய கரையோ கலங்கரை விளக்கமோ தெரியாவிட்டால், எதிர்பாராமல் ஆழம் மாறினால், இன்ஜினோ சுக்கானோ பழுதானால், வானிலை சீர்கெட்டால் உடனே அழைக்க வேண்டும். இந்தப் பட்டியலின் இறுதியில், எதைப் பற்றியேனும் ஐயம் எழுந்தால் அழை என்று இருக்கும். இளநிலை அதிகாரிக்கு எல்லாவற்றையும்விடத் தேவையானது இந்தக் கடைசி வரிதான். நள்ளிரவில் எழுப்பினால் கடிந்துகொள்வாரோ, இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்ற தயக்கம், அழைப்பை ஐந்து நிமிடம் தள்ளிப்போட வைக்கும். மேலே பார்த்த 12 நிமிடக் கணக்கில் ஐந்து நிமிடம் போனால் மீதி ஏழுதான். எழுந்து வரும் கேப்டனின் கண்ணும் இருட்டுக்குப் பழக வேண்டும் அல்லவா? அழைத்ததற்காக இளையவரைக் கடிந்துகொள்ளும் கேப்டன், அடுத்த முறை அழைப்பு வராதபடி தாமே செய்துகொள்கிறார்.

கேப்டன் பிரிட்ஜில் வந்து நிற்பதாலேயே பொறுப்பு அவரிடம் போய்விடுவதில்லை. தாம் பொறுப்பேற்றுக்கொண்டதாக அவர் வெளிப்படையாகச் சொல்லி, இருவரும் அதைப் புரிந்துகொள்ளும்வரை, கப்பல் வாட்ச் அதிகாரியின் கையில்தான் இருக்கிறது. துறைமுக வாயிலில் கப்பலுக்கு வழிகாட்ட ஏறும் பைலட் விஷயத்திலும் அப்படியே. அவர் அந்த நீர்ப்பகுதியை நன்கறிந்தவர். அவர் வந்ததால் கேப்டனின் கடமையோ வாட்ச் அதிகாரியின் கடமையோ நீங்குவதில்லை. அவர் தரும் ஆணை சரியாக நிறைவேற்றப்படுகிறதா என்று பார்ப்பதும், கப்பலின் இடத்தைத் தனியே குறித்துக்கொண்டிருப்பதும் இளநிலை அதிகாரியின் வேலை.

உறக்கமும் இந்தப் பணியின் ஓர் அங்கம். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, எந்த ஏழு நாளிலும் குறைந்தது 77 மணி நேர ஓய்வு என்பது எஸ்.டி.சி.டபிள்யூ வகுத்த அளவு. அந்தப் பத்து மணி நேரத்தை இரண்டு பகுதிகளுக்கு மேல் உடைக்கக் கூடாது. அவற்றில் ஒன்று ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இந்த எண்களுக்குப் பின்னால் பெருஞ்சேதங்கள் இருக்கின்றன. 1989 மார்ச் 24 அன்று நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவின் பிளை திட்டில் ஏறி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. கேப்டன் பிரிட்ஜை விட்டு இறங்கிப் போயிருந்த அந்த நேரத்தில் பொறுப்பில் நின்றவர் தேர்டு ஆபீசர். அவருடைய களைப்பும் அளவுக்கு மீறிய வேலையும் விபத்துக்கான காரணங்களில் அடங்கும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. 2010 ஏப்ரல் 3 அன்று ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஷென் நெங் 1 என்ற நிலக்கரிக் கப்பல் தரைதட்டியபோது வாட்ச்சில் இருந்த சீஃப் மேட், அதற்கு முந்திய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் இரண்டரை மணி நேரமே உறங்கியிருந்தார். பிரிட்ஜில் அசைவே இல்லாவிட்டால் முதலில் விளக்கும் பிறகு ஒலியும் எழுப்பி, அப்போதும் எவரும் பொத்தானை அழுத்தாவிட்டால் கேப்டனையோ வேறொரு அதிகாரியையோ எழுப்பிவிடும் எச்சரிக்கைக் கருவி இப்போது கட்டாயம். அதை 3 முதல் 12 நிமிடம் வரையான இடைவெளியில் அமைப்பார்கள். ஆயினும் கருவி உறங்குபவரை எழுப்பும், களைத்தவரைத் தெளியவைக்காது.

வாட்ச்சுக்கு வெளியிலும் இவர்களுக்குத் தனிப் பொறுப்புகள் உண்டு. உயிர்காப்புப் படகுகள், லைஃப் ஜாக்கெட்டுகள், தீயணைப்பான்கள் ஆகியவற்றைப் பேணுவது பெரும்பாலான கப்பல்களில் தேர்டு ஆபீசரின் வேலை. படகு இன்ஜினை வாரம் ஒருமுறை குறைந்தது மூன்று நிமிடம் ஓட்டிப் பார்ப்பதும் இதில் அடங்கும். துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரையான முழுப் பயணத்துக்கும் வழித் திட்டம் தயாரிப்பதும், வாராவாரம் வரும் அறிவிப்புகளின்படி கடல்வரைபடங்களைத் திருத்துவதும் செகண்ட் ஆபீசருடையவை. கப்பல் கரையணையும்போது சீஃப் ஆபீசர் முன்பகுதியிலும் செகண்ட் ஆபீசர் பின்பகுதியிலும் கயிறு கட்டும் மாலுமிகளுடன் நிற்க, தேர்டு ஆபீசர் கேப்டனுடன் பிரிட்ஜில் இருந்து ஆணைகளை இன்ஜினுக்குச் செலுத்துவது வழக்கம். கரையணைந்த பிறகு வாட்ச் நின்றுவிடுவதில்லை. சரக்கு ஏறி இறங்கும்போது கப்பல் சாய்வதையும் அமிழ்வதையும் கண்காணிப்பது, அலையேற்றத்துக்கு ஏற்பக் கயிறுகளைத் தளர்த்தி இறுக்குவது, ஏணிப்படியில் யார் ஏறுகிறார்கள் என்று கவனிப்பது எனப் பல துறைமுகங்களில் ஆறு மணி நேரத்துக்கு ஒருவராக இவர்கள் மாறிமாறி நிற்கிறார்கள். இன்ஜின் அறைக்கும் இதையொத்த வாட்ச் உண்டு; தானியங்கி வசதியுள்ள கப்பல்களில் இரவில் அங்கே ஆள் நிற்பதில்லை, அன்றைய பொறுப்புப் பொறியாளரின் அறையில் அபாய மணி ஒலிக்கும்.

இந்தியாவிலிருந்து இந்தப் பணிக்குச் செல்ல விரும்புபவருக்குரிய வழிகளில் ஒன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் கீழ் ஓராண்டு கடல்வழிசெலுத்தல் பட்டயம் படித்து, பிறகு கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, 18 மாதம் கடலில் பணியாற்றி, கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் நடத்தும் செகண்ட் மேட் தேர்வில் தேறுவதாகும். சான்றிதழின் பெயர் செகண்ட் மேட் என்றிருந்தாலும், அதனுடன் அவர் முதலில் தேர்டு ஆபீசராகவே கப்பலேறுகிறார். தேர்வின் வாய்மொழிப் பகுதியில் மோதல் தடுப்பு விதிகளைத் துருவித் துருவிக் கேட்பார்கள். அதற்காக விதிகளை மனப்பாடம் செய்வதுடன், கேடட்டாக இருக்கும்போதே சீஃப் ஆபீசருடன் 4–8 வாட்ச்சில் நின்று, தென்படும் ஒவ்வொரு கப்பலுக்கும் தாமே பேரிங் எடுத்து, யார் விலக வேண்டும் என்று அவர் சொல்லுமுன் முடிவு செய்து பார்ப்பதும் நல்ல பயிற்சியாகும்.